வேலை தேடிச் சென்னைக்கு வரும் பெண்ணுக்கு: முதல் மூன்று மாதங்களுக்கான முழுமையான வழிகாட்டி

2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அறந்தாங்கியிலிருந்து இரவுப் பேருந்து ஏறி, விடியற்காலையில் கோயம்பேட்டில் இறங்கினேன். கணிதத்தில் பி.எஸ்சி. முடித்ததற்கான தற்காலிகச் சான்றிதழும், அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த 9,000 ரூபாயும் கையில் இருந்தன. ஐந்தாவது வாரத்தில் அந்தப் பணம் 640 ரூபாயாகக் கரைந்திருந்தபோது, தரவு உள்ளீடு செய்யும் ஒரு சிறிய நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது. மாதச் சம்பளம் 7,500 ரூபாய். 18 மாதங்களுக்கு விலகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரையிலான அசல் சான்றிதழ்களை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அது சரியில்லை என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் கையெழுத்திட்டேன், ஏனென்றால் அடுத்த மாதம் விடுதிக்குக் கட்ட என்னிடம் பணம் இல்லை. அந்தச் சான்றிதழ்கள் திரும்பி வர ஒன்றேமுக்கால் ஆண்டு ஆயிற்று. இடையில் கிடைத்த இரண்டு நல்ல வாய்ப்புகள், அசலைக் காட்ட முடியாததால் கைவிட்டுப் போயின.

இப்போது நானே ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். நேர்காணலுக்கு வரும் பெண்களில் யாருக்கு இந்த வாரமே வேலை கிடைத்தாக வேண்டும் என்பது, பேசத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடுகிறது. அது தெரிந்ததும் சம்பளத்தைக் குறைத்துப் பேசுகிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு படியும் ஒரே நோக்கத்தோடு எழுதப்பட்டிருக்கிறது: ஒரு மோசமான வேலையோ, விடுதியோ, ஒப்பந்தமோ முன்னால் வந்து நிற்கும்போது, அதை வேண்டாம் என்று சொல்லும் வசதி உங்களுக்கு இருக்க வேண்டும்.

முதல் படி: ஊரில் இருக்கும்போதே பெயரைச் சரிசெய்யுங்கள்

பலர் ரெஸ்யூமேயிலிருந்து தொடங்குவார்கள். நான் பெயரிலிருந்து தொடங்கச் சொல்கிறேன், ஏனென்றால் தேர்வான பிறகு பணியில் சேர முடியாமல் தவிக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு நான் பார்க்கும் சிக்கல் இதுதான்.

தந்தை பெயர் முருகேசன், மகள் பெயர் செல்வி என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'செல்வி மு' என்று இருக்கும். ஆதாரில் வெறும் 'செல்வி' என்றோ, முன்னெழுத்து முன்னால் வந்து 'மு செல்வி' என்றோ இருக்கும். பான் அட்டை விண்ணப்பத்தில் முன்னெழுத்தை மட்டும் எழுத இடமில்லை என்பதால், அங்கே அவர் 'செல்வி முருகேசன்' ஆகிவிடுவார். வங்கிக் கணக்கில் நான்காவது வடிவம் ஒன்று இருக்கும். இவை நான்கும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. வருங்கால வைப்பு நிதிக்கான யூஏஎன் எண் ஆதாரில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் ஒட்டியே உருவாகிறது. பானும் ஆதாரும் பொருந்தாவிட்டால் பின்னாளில் பணத்தை எடுக்கும்போது விண்ணப்பம் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு நெருக்கமாகக் கொண்டு வாருங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பதால், சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும்போது திரையில் தட்டச்சாகும் ஒவ்வோர் எழுத்தையும் படித்துப் பார்த்த பிறகே சரி சொல்லுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டில் ஓர் எழுத்து கூடுவதும் குறைவதும்கூட வேறு பெயராகவே எடுத்துக்கொள்ளப்படும்.

அடுத்தது ஆவணங்கள். பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்றிதழ் அல்லது பட்டம், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை வண்ணத்தில் ஸ்கேன் செய்து, உங்கள் மின்னஞ்சலிலும், ஆவணங்களை இணையத்தில் சேமிக்கும் அரசுச் சேவையான டிஜிலாக்கரிலும் வைத்துக்கொள்ளுங்கள். அசலைச் சென்னைக்குக் கொண்டு வர வேண்டிய தேவை பெரும்பாலும் ஒரே ஒரு நாள்தான் வரும். அது சரிபார்க்கும் நாள். அதுவரை அசல் ஊரில், அம்மாவின் பீரோவிலேயே இருக்கட்டும். வாங்கிப் பார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தருவதுதான் சரிபார்ப்பு. "எங்களிடமே இருக்கட்டும்" என்று எவர் சொன்னாலும், எவ்வளவு பெரிய அலுவலகமாக இருந்தாலும், அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: மூன்று மாதப் பணம்

இன்றைய நிலையில், மூன்று பேர் பகிரும் அறையும் மூன்று வேளை உணவும் தரும் விடுதிக்கு மாதம் சுமார் 8,000 ரூபாய் என்று கணக்கிடலாம். மூன்று மாதத்துக்கு 24,000. முன்பணம் ஒரு மாதத் தொகை 8,000. போக்குவரத்து, வெளிச்சாப்பாடு, சோப்பு, நாப்கின் போன்றவற்றுக்கு மாதம் 2,500 வீதம் 7,500. நகல் எடுக்கவும், கைபேசிக் கட்டணத்துக்கும், நேர்காணலுக்கான ஒரு ஜோடி நல்ல உடைக்கும் 3,000. ஊருக்குத் திரும்பிப் போவதற்கென்று தொடாமல் வைக்க வேண்டிய 1,000. கூட்டினால் 43,500 ரூபாய்.

எல்லா வீடுகளிலும் இவ்வளவு இருக்காது. எங்கள் வீட்டில் இருக்கவில்லை. அப்படியானால் நகையை அடகு வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். வருகையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதங்கள் ஊரிலிருந்தே விண்ணப்பியுங்கள். இப்போது முதல் சுற்று நேர்காணல்களில் பல கைபேசியிலும் காணொளியிலும்தான் நடக்கின்றன. நேரில் வரச் சொல்லும் அழைப்புகள் இரண்டு மூன்று சேர்ந்ததும், அவற்றை ஒரே வாரத்துக்குள் அமையுமாறு கேட்டுக்கொண்டு வந்து, பத்து நாள் தங்கிப் பாருங்கள். அந்தப் பத்து நாளுக்குச் சித்தி வீடோ, தோழியின் அறையோ போதும். உறவினர் வீட்டில் தங்குவதென்றால், எத்தனை நாள் என்பதைப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். தேதி தெரிந்த விருந்தாளியை வைத்துக்கொள்வது எந்த வீட்டுக்கும் எளிது; உங்களுக்கும் கூச்சம் இருக்காது.

கையில் பணம் குறைவாக இருக்கும் நாட்களில் அம்மா உணவகத்துக்குப் போகத் தயங்காதீர்கள். அங்கே இட்லி ஒரு ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். வேலை கிடைக்கும் வரை காலையில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு நேர்காணலுக்குப் போவது, பசியோடு போவதைவிட எவ்வளவோ மேல்.

மூன்றாம் படி: எங்கே தங்குவது, எதைப் பார்த்துத் தங்குவது

வேலை கிடைக்கும் முன் தங்கும் இடமும், கிடைத்த பின் தங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வேலை தேடும் காலத்தில் உங்களுக்கு எந்தத் திசையிலிருந்து அழைப்பு வரும் என்று தெரியாது. தரமணி டைடல் பார்க், சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று நீளும் பழைய மகாபலிபுரம் சாலை ஒரு பக்கம். மணப்பாக்கம், போரூர் இன்னொரு பக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டை வடமேற்கில். திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் நகருக்கு வெளியே தென்மேற்கில். ஆகவே தொடக்கத்தில் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் தடத்தில் இருப்பதே நல்லது. கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய எந்த நிலையத்தருகில் தங்கினாலும் ரயில் கைகொடுக்கும். கிண்டியில் மெட்ரோவுக்கும் மாறிக்கொள்ளலாம். வேலை உறுதியான பிறகு அலுவலகத்துக்கு அருகே மாறிவிடுங்கள். சென்னையில் தினமும் மூன்று மணி நேரம் பயணத்தில் போனால், ஆறு மாதத்தில் உடல் சோர்ந்து, நல்ல வேலையைக்கூட வெறுக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

பணிபுரியும் மகளிருக்காகத் தமிழ்நாடு அரசு நடத்தும் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி உள்ளிட்ட இடங்களில் உள்ளன. இடம் இருந்தால் முதலில் அங்கே விண்ணப்பியுங்கள். தனியார் விடுதி என்றால், பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். 2014ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்கள் விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். இது வெறும் காகித விஷயம் அல்ல. 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் மறைகேமராக்கள் கண்டுபிடிக்கப்பட்டதை இந்த நகரம் மறக்கவில்லை. அறைக்குள் நுழைந்ததும் மின்பிளக்குகள், புகை உணர்கருவி, குளியலறை வெந்நீர்க் கருவியின் மேல்பகுதி, கண்ணாடியின் பின்புறம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். அதற்காக யாரிடமும் கூச்சப்பட வேண்டாம்.

விடுதியைப் பார்க்கப் பகலில் ஒரு முறையும், இரவு எட்டு மணிக்கு ஒரு முறையும் போங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசல் வரை தெருவிளக்கு எரிகிறதா என்பது இரவில்தான் தெரியும். அலமாரிக்குத் தனிப்பூட்டு உண்டா, கதவின் உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, குடிக்கக் கேன் தண்ணீர் விடுதிச் செலவா உங்கள் செலவா, இரவு எத்தனை மணிக்குக் கதவை மூடுகிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது, ஏனென்றால் மாலைப் பணிநேர வேலை கிடைத்தால் ஒன்பதரை மணிக்கு மூடும் விடுதி உங்களுக்கு உதவாது. இன்னொன்றை விடுதிக்காரரிடம் கேட்காமல், பக்கத்து மளிகைக் கடையில் கேளுங்கள்: நவம்பர், டிசம்பர் மழையில் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் தரைத்தள அறைகளில் இருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்: முதல் மாடிக்குக் கீழே அறை எடுக்காதீர்கள்.

முன்பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியே அனுப்புங்கள். எத்தனை நாள் முன்னறிவிப்புத் தந்தால் அது திரும்பக் கிடைக்கும், பராமரிப்பு என்று எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை விடுதிக்காரருக்கு வாட்ஸ்அப்பில் நீங்களே எழுதி அனுப்பி, அவருடைய பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் நாலைந்து தோழிகள் சேர்ந்து வீடு எடுக்கும் யோசனை வந்தால், பத்து மாத முன்பணம் கேட்பது சென்னையின் பழைய வழக்கம் என்றாலும், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் வேறு உடன்பாடு இல்லாத நிலையில் மூன்று மாத வாடகையைத்தான் வரம்பாக வைத்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

நான்காம் படி: நகரத்துக்குள் போய்வருதல்

சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். 2021 மே மாதம் தொடங்கிய இந்த விடியல் பயணத் திட்டம், வேலை தேடும் பெண்ணுக்கு மாதம் ஒரு நல்ல தொகையை மிச்சம் பிடித்துத் தரும். இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய பேருந்தையோ வெள்ளைப் பலகை உள்ள பேருந்தையோ பார்த்து ஏறுங்கள். நடத்துநர் தரும் கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்கி, இறங்கும் வரை வைத்திருங்கள். விரைவு, சொகுசுப் பேருந்துகளில் காசு கொடுத்தாக வேண்டும். மின்சார ரயிலில் மகளிர் பெட்டி உண்டு; வாரத்தில் நான்கைந்து நாள் போய்வரத் தொடங்கியதும் சீசன் சீட்டு எடுத்துவிடுங்கள். பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் பயணச்சீட்டு எடுக்க 'சென்னை ஒன்று' செயலி இருக்கிறது.

தெற்கிலிருந்து வரும் பேருந்துகள் இப்போது வண்டலூர் அருகே உள்ள கிளாம்பாக்கத்தில் நிற்கின்றன. அங்கிருந்து எல்லோரும் நகருக்குள் ஓடுவார்கள். உங்களுக்கு அது தேவையா என்று பாருங்கள். சிறுசேரியில் நேர்காணல் என்றால் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியே நேராகப் போய்விடலாம். ஒரகடம் என்றால் வண்டலூரிலிருந்து படப்பை வழியே வாலாஜாபாத் சாலை. காலை எட்டரை மணிக்குக் கிண்டிப் பாலத்தில் மாட்டிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

நேர்காணலுக்கு முதல் நாளே, அதே நேரத்தில், அந்த இடத்துக்கு ஒரு முறை போய் வந்துவிடுங்கள். தொழில்நுட்பப் பூங்காக்களில் முதன்மை வாயிலிலிருந்து உங்கள் கட்டிடத்துக்கு நடக்கவும், அடையாள அட்டையைக் காட்டி நுழைவுச்சீட்டு வாங்கவும் மட்டுமே அரைமணி நேரம் ஆகும். மே மாத வெயிலில் அந்த அரைமணி நேர நடை, தேய்த்துப் போட்ட சுடிதாரைக் கசக்கி, முகத்தை வியர்வையில் குளிப்பாட்டிவிடும். கைப்பையில் ஒரு சிறு துண்டும் தண்ணீர்ப் புட்டியும் இருக்கட்டும். போனதும் கழிவறையில் முகம் கழுவி, ஐந்து நிமிடம் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்த பிறகு உள்ளே போங்கள்.

112 அவசர உதவி எண், 181 மகளிர் உதவி எண் ஆகிய இரண்டையும் கைபேசியில் ஒரே தொடுதலில் அழைக்கும்படி சேமியுங்கள். காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை நிறுவி, ஊரில் இருவரையும் சென்னையில் ஒருவரையும் அதில் சேர்த்து வையுங்கள்.

ஐந்தாம் படி: தேடுவதற்கு ஒரு நேரம், தேடாமல் இருப்பதற்கு ஒரு நேரம்

விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கைபேசியில் நாள் முழுவதும் விண்ணப்பித்துக்கொண்டிருப்பது வேலை தேடுவது போலத் தோன்றும். உண்மையில் அது மனத்தைத் தேய்ப்பதுதான். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை விண்ணப்பங்கள், தொலைபேசி அழைப்புகள். பிற்பகலில் ஒரு திறனுக்கான பயிற்சி. மாலையில் நடை. இதை அலுவலகம் போலக் கடைப்பிடியுங்கள். இடம் வேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே அங்கே தனிப்பகுதி இருக்கிறது. குளிர்ச்சியும் அமைதியும் இருக்கின்றன. உங்களைப் போன்றே முயன்றுகொண்டிருக்கும் நூறு பேர் சுற்றிலும் இருக்கிறார்கள். இந்தக் கடைசிக் காரணத்துக்காகவே நான் அதைப் பரிந்துரைக்கிறேன்.

ரெஸ்யூமே முதல் வேலைக்கு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. தந்தையின் தொழில், மதம், திருமண நிலை, வீட்டின் முழு முகவரி ஆகியவை அதில் வேண்டாம். பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், வசிக்கும் பகுதி போதும். "கடின உழைப்பாளி" என்று எழுதுவதைவிட, கல்லூரியில் 200 பேர் வந்த கருத்தரங்கின் வரவுசெலவைக் கணினியில் பராமரித்தேன் என்று எழுதினால் எனக்கு உங்களைப் பற்றி ஏதோ ஒன்று தெரிகிறது. அப்பாவின் கடையில் இரண்டு ஆண்டுகள் சரக்கு இருப்புக் கணக்குப் பார்த்திருந்தால், அதையும் அனுபவமாக எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எக்ஸெல் தெரியும் என்று எழுதினால், அதில் இரண்டு அட்டவணைகளை ஒப்பிட்டு விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் நாங்கள் செய்து காட்டச் சொல்லுவோம்.

விண்ணப்பிக்க நௌக்ரி, லிங்க்டுஇன் போன்ற தளங்களோடு, தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலைவாய்ப்பு இணையத்திலும் பதிவு செய்யுங்கள். அது முற்றிலும் இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் முகாம்களின் அறிவிப்பும் அங்கே வரும். இருந்தாலும், அறிந்தவர் வழியாக வரும் ரெஸ்யூமேதான் முதலில் திறக்கப்படுகிறது என்பது நடைமுறை உண்மை. உங்கள் கல்லூரியில் இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னால் படித்த அக்காக்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்புங்கள். "அக்கா, உங்கள் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் புதியவர்களை எடுக்கும்போது எனக்குத் தெரிவிக்க முடியுமா? என் ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன்" என்ற அளவில் கேட்டால், பத்தில் மூன்று பேராவது பதில் எழுதுவார்கள். "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கக்கா" என்று பொதுவாகக் கேட்டால், உதவ நினைப்பவருக்கும் எப்படி உதவுவது என்று தெரியாது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், நிறுவனம், பணி, பேசியவர், அடுத்து எப்போது கேட்க வேண்டும் என்று எழுதி வாருங்கள். எந்த விண்ணப்பத்துக்கு எந்தப் பதில் என்று தெரியாமல் போனால், இரண்டாம் மாதத்தில் எல்லாம் தோல்வியாகவே தோன்றும்.

அப்படித் தோன்றும் நாட்கள் வரத்தான் செய்யும். வீட்டிலிருந்து தினமும் "என்னம்மா, ஏதாவது ஆச்சா?" என்று கேட்கும்போது, கேட்பவரின் அன்பே பாரமாகிவிடும். நான் ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் வேலை பற்றிப் பேசுவது என்று அம்மாவோடு உடன்பாடு செய்துகொண்டேன். மற்ற நாட்களில் சாப்பாடு, மழை, தங்கையின் படிப்பு ஆகியவற்றைப் பேசினோம். தூக்கம் கெட்டு, அழுகை அடங்காத நிலை தொடர்ந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸில் (14416) தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஆறாம் படி: பணம் கேட்பவர்

வேலைக்கு எடுப்பவர் உங்களுக்குப் பணம் தர வேண்டியவர். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கான வைப்புத்தொகை, பின்னணிச் சரிபார்ப்புச் செலவு என்று எந்தப் பெயரில் கேட்டாலும், தொகை 500 ரூபாயாக இருந்தாலும், கொடுக்காதீர்கள். பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் இருக்கும்: "மேடம், நீங்க செலக்ட் ஆயிட்டீங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கட்டலன்னா உங்க சீட்டு வேற ஆளுக்குப் போயிடும்." இந்த அவசரம்தான் அடையாளம். உண்மையான நிறுவனம் எதுவும், தேர்வு செய்த ஒருவரைச் சாயங்காலத்துக்குள் கைவிடாது.

டெலிகிராமில் காணொளிகளுக்கு விருப்பக்குறி இட்டால் பணம் என்று தொடங்கி, முதலில் 150, 200 ரூபாயை உண்மையாகவே கணக்கில் போட்டு நம்பவைத்து, பிறகு பெரிய தொகையைச் செலுத்தச் சொல்லும் மோசடி படித்த பெண்களையும் குறிவைக்கிறது. உங்கள் வங்கிக் கணக்கை "சம்பளம் பிரித்து அனுப்ப" வாடகைக்குக் கேட்பவர் இன்னும் ஆபத்தானவர், ஏனென்றால் அங்கே குற்றவாளிப் பட்டியலில் உங்கள் பெயர் வந்துவிடும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

நேர்காணலுக்கு அலுவலகம் அல்லாத இடத்துக்கு, ஓட்டல் அறைக்கு, "சார் வீட்டுக்கு" வரச் சொன்னால் போகாதீர்கள். காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஏழாம் படி: நேர்காணலும் சம்பளக் கணக்கும்

நேர்காணலுக்குத் தயாராவது பற்றி எங்கும் நிறையக் கிடைக்கும். பெண்களிடம் மட்டும் கேட்கப்படும் ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: "கல்யாணம் எப்போது?" கேட்கக் கூடாத கேள்விதான், ஆனாலும் கேட்கிறார்கள். கோபப்படாமலும் விளக்கம் சொல்லாமலும், "இந்த வேலையில் நீண்ட காலம் இருக்கும் எண்ணத்தோடுதான் வந்திருக்கிறேன், பணியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் பிறகும் துருவினால், அந்த அலுவலகம் எப்படிப்பட்டது என்பது சேரும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

சம்பளத்தை ஆண்டுத் தொகையாகத்தான் சொல்வார்கள். ஆண்டுக்கு 3 லட்சம் என்றால் மாதம் 25,000 கைக்கு வரும் என்று விடுதியையும் கடனையும் திட்டமிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, அதாவது 12,500 என்று கொள்வோம். நிறுவனம் செலுத்தும் வைப்பு நிதிப் பங்கு 12 விழுக்காடு, 1,500 ரூபாய். பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) ஒதுக்கீடு சுமார் 600 ரூபாய். இரண்டும் அந்த 25,000க்குள்ளேயே அடங்கியிருக்கும். உங்கள் பங்கு இன்னொரு 1,500 பிடிக்கப்படும். மீதி சுமார் 21,400. அரையாண்டுக்கு ஒரு முறை மாநகராட்சியின் தொழில் வரியும் பிடிப்பார்கள். செயல்திறனைப் பொறுத்துத் தரும் தொகை என்று ஒரு பகுதி இருந்தால், அதை மாத வருமானமாக எண்ணவே வேண்டாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "மாதம் கைக்கு எவ்வளவு வரும், எழுத்தில் தர முடியுமா?" என்பதுதான்.

சம்பளம் 21,000க்கு உள்ளே இருந்தால், இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வரம்புக்குள் வருவீர்கள். 18,000 ரூபாய்க்கு உங்கள் பங்கு 135 ரூபாய், நிறுவனத்தின் பங்கு 585 ரூபாய். இந்தச் சிறிய பிடித்தத்துக்கு உங்களுக்கும், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் மருத்துவ வசதி கிடைக்கிறது என்பதால், "பிடித்தம் இல்லாமல் முழுச் சம்பளமும் கையில் தருகிறோம்" என்று சொல்லும் இடத்தைச் சலுகையாக எண்ணாதீர்கள்.

பணிநியமனக் கடிதத்தைக் கையெழுத்திடும் முன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க ஒரு நாள் கேளுங்கள். விலகும் முன்னறிவிப்புக் காலம், ஒப்பந்தக் காலம், விலகினால் கட்ட வேண்டிய தொகை, பணிநேரம், வார விடுமுறை ஆகிய ஐந்தையும் தேடிப் படியுங்கள். ஒரு நாள் தர மறுக்கும் இடத்தில் எனக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும்.

எட்டாம் படி: சேர்ந்த பிறகு

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை, எந்தச் சிக்கலும் இல்லாத முதல் வாரத்திலேயே அறிவிப்புப் பலகையில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்; தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பத்துப் பேருக்குக் குறைந்த கடை, கிளினிக், அலுவலகம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் தரலாம். தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள், அருகில் இருந்தவர் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள்.

தியாகராய நகர் ஜவுளிக் கடை போன்ற விற்பனைப் பணியில் சேர்ந்தால், 2021இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி உட்கார்வதற்கு இருக்கை தரப்பட வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பின் எந்தச் சட்டமும் அதைச் சரிசெய்யாது. இரவு எட்டு மணிக்குப் பிறகு பணி என்றால், உங்கள் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். போக்குவரத்தும் பாதுகாப்பும் நிறுவனத்தின் பொறுப்பு. வண்டி விடுதி வாசல் வரை வருமா, தெருமுனையில் இறக்கிவிடுமா என்று சேரும் முன் கேளுங்கள்.

முதல் சம்பளம் வந்ததும் ஊதியச் சீட்டை வாங்கிச் சேமியுங்கள். யூஏஎன் எண்ணை நீங்களே செயல்படுத்தி, வைப்பு நிதிப் பதிவேட்டில் நிறுவனத்தின் பங்கும் உங்கள் பங்கும் ஏறுகின்றனவா என்று மூன்றாவது மாதம் பாருங்கள். பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் விடும் இடங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் தேடலை உடனே மீண்டும் தொடங்குங்கள். வேறு வேலை கிடைத்தால் சொல்லாமல் நின்றுவிடாமல், முன்னறிவிப்புக் காலத்தை முடித்து, விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றிதழும் வாங்கிய பிறகே கிளம்புங்கள், ஏனென்றால் அடுத்த நிறுவனத்தில் என்னைப் போன்ற ஒருத்தி முதலில் கேட்பது அவற்றைத்தான்.

அந்த முதல் சம்பளத்திலிருந்தே, அம்மாவுக்கு அனுப்பியது போக, 2,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போடுங்கள். சம்பளம் வரும் கணக்கும் இந்தக் கணக்கும் வேறுவேறு வங்கியில் இருக்கட்டும். இதன் அட்டையைக் கைப்பையில் வைக்காமல் விடுதி அலமாரியில் பூட்டி வையுங்கள். மூன்று மாத விடுதிக் கட்டணம் சேரும் வரை அதைத் தொடாதீர்கள். என் கணக்கில் அந்தத் தொகை சேர பதினொரு மாதம் ஆயிற்று. சேர்ந்த மறுவாரம்தான், என் சான்றிதழ்களை வைத்திருந்த அலுவலகத்துக்குப் போய், அவற்றைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்டேன்.